வாசல்வரை கொண்டுவிடும் வள்ளலே

சொந்தக் காரே, திருவனந்தபுரத்தில் சனிக்கிழமை விடிந்தால் வீடுகளில் முதலில் தேடப்படுவது உன் சாவிதான். இரண்டு நாள் லீவில் பழைய ஊர்களைப் பார்த்துவரலாம் என்று பேச்சு எழுந்தால், எங்கே போவது என்று முடிவாகும் முன்பே எதில் போவது என்பது முடிவாகிவிடுகிறது. பத்மநாபபுரமா, நீ உண்டு. அஞ்சுதெங்கா, நீ உண்டு. கொல்லமா, அதற்கும் நீ உண்டு. அதனால் உன்னைப் புகழ வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவதில் மிகை எதுவும் இல்லை. அத்தனையும் நீ நாள்தோறும் செய்துவருபவை.

உன் முதல் பெருமை, வழி என்பதையே இல்லாமல் ஆக்கியது. தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறுகிறவருக்கு வழி இருக்கிறது. கரமனை, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று ஊர் ஊராக அது நீளும். கண்டக்டர் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு தரம் இழுத்தால் புறப்படும். பாலராமபுரத்தில் கைத்தறி முண்டுக் கட்டோடு ஒருவர் ஏறுவார். நெய்யாற்றின்கரையில் இறங்கினால் ஸ்ரீகிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரத்தின் பொந்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகள் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா அதற்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் சொல்லும் கதை. அம்மச்சிப்பிலாவு என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம்.

களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறும். பஸ்ஸுக்குள் பேச்சு மாறாது. பாறசாலையில் ஏறிய அம்மாவும் மார்த்தாண்டத்தில் ஏறிய அண்ணனும் பேசிக்கொள்வதில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முடியாது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை இங்கே வந்தது. ஆனால் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற மக்கள் அதன் இரு பக்கமும் ஒரே ஊராகத்தான் வாழ்கிறார்கள். இதை எந்த அருங்காட்சியகத்திலும் வைக்க முடியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் காதில் விழும். நீயோ கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, நாங்கள் வீட்டில் கேட்கும் அதே பாட்டை ஒலிக்கவிட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொல்கூட எங்கள் காதில் விழாமல் கொண்டுசேர்க்கிறாய். போனது தெரியாது, வந்தது தெரியாது. அப்படி ஒரு பக்குவம்.

இரண்டாவது பெருமை, வாசல்வரை கொண்டுவிடும் வள்ளல் குணம். பத்மநாபபுரத்துக்கு பஸ்ஸில் வந்தவர் தக்கலையில் இறங்க வேண்டும். அங்கிருந்து டவுன் பஸ், ஆட்டோ, அல்லது நடை. நடந்து போனால் கருங்கல் கோட்டைச் சுவர் எதிரே வரும். அதன் வாயிலுக்குள் நுழைந்தால் அரண்மனை உடனே வந்துவிடாது. தெருக்கள் வரும், வீடுகள் வரும், கல்குளம் மகாதேவர் கோயிலும் தெப்பக்குளமும் இருக்கும். பிறகுதான் அரண்மனை. பத்மநாபபுரம் என்பது ஒரு கட்டடம் அல்ல, ஒரு தலைநகரம்; 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைமை திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை வேணாடும் திருவிதாங்கூரும் இங்கிருந்து ஆளப்பட்டன. இது நடந்து வந்தவரின் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. உன்னில் வந்தவருக்கு டிக்கெட் கவுன்டரிலிருந்து வரலாறு தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பது பார்க்கிங்.

மூன்றாவது பெருமை உன் வேகம். ஒரே நாளில் பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சுசீந்திரம், சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் என்று அத்தனையையும் முடித்துத் தருகிறாய். முடித்துத் தருகிறாய் என்பதுதான் சரியான வார்த்தை. பத்மநாபபுரம் அரண்மனையில் மந்திரசாலையின் மைக்காத் தகடு பதித்த ஜன்னல்கள் வழியே வரும் வெளிச்சம், வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் வெறும் இருட்டாகத்தான் தெரியும். கொஞ்சம் நின்றால்தான் தரை தெரியும். கருந்தரை, காலணி கழற்றிவிட்டு நடக்கையில் உள்ளங்காலுக்குக் குளிரும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு முதலியன கலந்து இழைத்தது என்று அங்குள்ளவர்கள் விளக்குவார்கள். குனிந்து பார்த்தால் நம் முகம் தெரிகிற பளபளப்பு. அந்தக் கண் பழகும் நேரத்தைத்தான் உன் அட்டவணை அனுமதிப்பதில்லை. நீ வெளியே வெயிலில் நிற்கிறாய். அடுத்த இடம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவருக்கு அன்றைக்கு அடுத்த இடம் என்று இருப்பது அதே சாலையில் உள்ள புலியூர்க்குறிச்சிதான். அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டி லனாய் 1777 முதல் உறங்குகிறார். கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. நின்று வாசிக்க நேரம் உண்டு, அடுத்த பஸ் வரும் என்பதால்.

நான்காவது, ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காக நீ எளிதாக்கியது. வடக்கே போகிற பாசஞ்சர் ரயில் பேட்டை, கொச்சுவேளி (இப்போது திருவனந்தபுரம் வடக்கு), கழக்கூட்டம், கணியாபுரம், முருக்கும்புழை, பெருங்குழி, சிறயின்கீழ், கடைக்காவூர் என்று நின்று நின்றுதான் போகும். கடைக்காவூரில் இறங்கினால் அஞ்சுதெங்கு பக்கம். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு சின்னச் சதுரக் கோட்டை. 1690-களில் ஆங்கிலேயக் கம்பெனி ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு எழுப்பியது. 1721 ஏப்ரலில் ராணிக்குக் காணிக்கை கொண்டுபோன கம்பெனி ஆட்கள் நூறுக்கும் மேற்பட்டோர் ஆற்றிங்கலில் கொல்லப்பட்டார்கள். இந்தியாவில் கம்பெனிக்கு எதிராக எழுந்த மிகப் பழைய கிளர்ச்சிகளில் அது ஒன்று. ஏன் அத்தனை கோபம் என்பதற்குக் கோட்டைச் சுவரில் விடை இல்லை. மிளகு விளைந்த நிலம், அதைக் கொண்டுவந்த காயல், ஏற்றிப்போன கடல் ஆகிய மூன்றும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்கும்போது பாதி விடை கிடைக்கும். ரயிலிலிருந்து அது தெரியும். வர்க்கலை தாண்டி இடவா, காப்பில், பரவூர் வரும்போது தண்டவாளத்தை ஒட்டியே காயல் விரியும். கொல்லத்தில் பஸ் நிலையமும் படகுத்துறையும் அடுத்தடுத்து அஷ்டமுடிக் காயலோரம் இருக்கின்றன. 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துக்களில் சாட்சிக் கையொப்பம் இட்ட வணிகர்கள் இந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கப்பலில் வந்தவர்கள் கட்டிய ஊருக்கு, யாரோடும் சேராமல் வருவதற்கு நீ வழி செய்திருக்கிறாய்.

ஐந்தாவது பெருமையைச் சொல்லும்போது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். 1893-இல் வெங்கானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, தன் மக்கள் கால் வைக்கக்கூடாது என்று சாதியின் பெயரால் மறிக்கப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிப்போனார். அதுவும் சொந்த வண்டிதான். ஆனால் அந்த வண்டி சாலையை எல்லோருக்கும் திறந்தது. இன்று இந்த ஊர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரிடம் யாரும் குலம் கேட்பதில்லை. இடம் இருந்தால் நகர்ந்துகொள்கிறார்கள். இதற்காக ஒரு தலைமுறை அடி வாங்கியிருக்கிறது. அந்த சீட்டை விட்டு எழுந்துவந்து, கதவைச் சாத்தி, எங்கள் மனிதர்களோடு மட்டும் இருக்கும் வசதியைத் தந்தது நீ.

ஆறாவது, நீ எடுத்துக்கொள்ளும் இடம். திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையில், புத்தன் மாளிகையைச் சுற்றி, சாலைக் கம்போளத்துத் தெருக்களில், மனிதர்கள் நடக்கப் போட்ட வழியில் நீ பெரிய மனதோடு நிற்கிறாய். வருடத்துக்கு ஒரு முறை நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இதே சாலையில் ஊர்வலமாக வருகிறார்கள். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கி, திருவனந்தபுரம் சேர்கிறார்கள். வழியெல்லாம் விளக்கேற்றிக் காத்திருக்கிறார்கள் மக்கள். சிவராத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கிறவர்கள் ஆயிரமாயிரம் பேர். ஆக, ஒவ்வொரு ஊரிலும் நின்று போகிற பயணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதை மறக்க வைத்ததுதான் புதிது.

இனி உன் தலையாய சாதனை. 1938 பிப்ரவரி 20-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசின் பஸ் சேவையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்துத் துறையை அமைத்தார்கள். முதல் நாள் ராஜாவே பஸ்ஸில் ஏறினார். ஆளுகிறவர் ஏறும் வண்டி சரியாக இருந்தே ஆகவேண்டும். இன்று சட்டம் செய்கிறவர், திட்டம் போடுகிறவர், பத்திரிகையில் எழுதுகிறவர், ஆபீசரிடம் நேரில் போய்ப் பேசக்கூடியவர் அனைவரும் உன்னிடம் வந்துவிட்டோம். பஸ் நிலையத்தில் பெண்கள் நுழையக்கூடிய கழிப்பறை இருக்கிறதா, கோட்டை வாசலில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மலையாளத்திலும் தமிழிலும் பலகை இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயில்கள் போதுமா, கடைக்காவூரில் ரயில் வரும் நேரத்துக்கு அஞ்சுதெங்குக்கு பஸ் உண்டா என்று கேட்க வேண்டிய வாய்களை நீ அடைத்துவிட்டாய். கேட்காதவர்களுக்காக யாரும் எதையும் சரிசெய்வதில்லை. பஸ் சரியில்லை என்பதால் உன்னை வாங்குகிறோம். உன்னை வாங்கியதால் பஸ் சரியாவதில்லை. மூட்டையோடு நின்றுகொண்டே போகிற அம்மாவுக்கு மட்டும் இரண்டின் பலனும் கிடைக்கிறது.

நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. அர்த்தராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட நீ வேண்டும். படியேற முடியாத பெரியவர்களை அழைத்துப்போக நீ வேண்டும். அந்த வேலைக்கு உனக்கு நன்றி, அதில் வஞ்சம் இல்லை. ஆனால் சனியும் ஞாயிறும் எங்கள் ஊர்களைப் பார்ப்பதற்கு நீ வேண்டாம். நீ வீட்டில் நில். நாங்கள் தம்பானூருக்குப் போகிறோம். பஸ் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவோம்.