பூவுக்கு ஏது ஆபீஸ் நேரம்

அந்தமானில் பூப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், கேமரா வாங்குவதற்கு முன்னால் தூக்கத்தை விற்றுவிட வேண்டும். இந்தியாவின் கடிகாரம் அலகாபாத்துக்குப் பக்கத்தில் போகும் 82½ டிகிரி தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. நாங்கள் அதற்குக் கிழக்கே இன்னும் பத்து டிகிரி தள்ளிக் குடியிருக்கிறோம். டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால், சூரியன் எங்கள் வாசலுக்கு நாற்பது நிமிஷம் முன்கூட்டியே வந்து நின்றுவிடுகிறது. ஜூன் மாதத்தில் ஐந்து அடிக்கும் முன்பே பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் சூரியன் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் நாங்கள் ஆபீஸில் ஃபைல் கட்டிக்கொண்டிருப்போம்.

"காலை ஆறிலிருந்து எட்டுக்குள் இளவெயிலில் எடுங்கள்" என்று புகைப்படக் கலை சொல்லித்தருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆறரை மணிக்கு இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அவர்கள் போர்ட் பிளேருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. (2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் உத்தரவு வந்து சேரவில்லை.)

பருவக் கணக்கும் இங்கே உதவாது. பள்ளிக்கூடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பெரும்பொழுதை மனப்பாடம் செய்தோம். முன்பனி, பின்பனி இரண்டையும் இங்கே ஃப்ரிட்ஜில்தான் பார்க்கலாம். மே மூன்றாவது வாரம் வாக்கில் தென்மேற்குப் பருவமழை நாட்டுக்குள் நுழைவதே எங்கள் வழியாகத்தான். புயல் இல்லாமலேயே டி.வி. செய்தியில் எங்கள் தீவுகளின் படம் வருவது அந்த ஒரு நாள். அது போய் மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. கேமராவை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தும் லென்ஸுக்குள் பூசணம் பிடித்தது. வீட்டில் பருவம் தவறாமல் பூத்தது அது ஒன்றுதான்.

வெளியே நிலைமை வேறு. எங்கள் பூக்கள் காலண்டரையும் பார்ப்பதில்லை, கடிகாரத்தையும் மதிப்பதில்லை. அவற்றுக்கென்று தனியாக ஒரு நேரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அங்கே போய் நிற்பது படம் எடுக்கிறவன் தலையெழுத்து.

முதலில் அரசாங்கப் பூவைச் சொல்லிவிடுகிறேன். யூனியன் பிரதேசத்தின் மலர் பைன்மா. அந்தமானைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளராத மரம். ஊதா கலந்த இளஞ்சிவப்பில் கசங்கிய இதழ்கள், இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். இவ்வளவு பெருமை உள்ள பூ நம் கண்மட்டத்துக்கு வருமா? உச்சியில் போய்ப் பூக்கும். அண்ணாந்து அண்ணாந்து எடுத்ததில் எனக்குக் கழுத்துவலியும், திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஏமாற்றமும்தான் மிச்சம். "இது நம்ம ஊருப் பூமருதுல்லா? இதப் பாக்கவா கடல் தாண்டிப் போன?" என்றார். பூமருது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை. அதைச் சொன்னேன். "அப்ப இங்கயே எடுத்திருக்கலாமே" என்றார். தாவரவியல் சித்தப்பாக்களிடம் செல்லாது.

கடற்கரைப் பூக்களில் ஒழுக்கமானது அடும்பு ஒன்றுதான். காலையில் மணலில் விரிந்து கிடக்கும், பேசாமல் படம் எடுத்துக்கொண்டு வரலாம். பூவரசும் நீர்ப்பருத்தியும் காலையில் மஞ்சளாக இருந்துவிட்டுப் போகப் போகச் சிவக்கும். ஒரே பூவை இரண்டு வேளை எடுத்துக் காட்டினால் இரண்டு பூ எடுத்த புண்ணியம் கிடைக்கும்.

என்னைப் படுத்தியெடுத்தது பாரிங்டோனியா. நம் ஊர்ச் செங்கடம்புக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். சிடியா டாப்பு போகிற வழியெல்லாம் கடலைப் பார்த்துக் குனிந்து நிற்கும் பெரிய இலை மரம். காய் நாலு மூலை வைத்த பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே நார் நிறைந்திருப்பதால் கடலில் மாதக்கணக்கில் மிதந்து, எங்கேயாவது ஒரு தீவில் கரையேறி முளைத்துவிடும். கொட்டையை அரைத்துத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கும். இத்தனை சாமர்த்தியமும் உள்ள மரம் பூப்பது மட்டும் ராத்திரியில். அந்துப்பூச்சிக்காகத் திறந்து வைக்கும் கடை, விடியும்போது ஷட்டரை இறக்கிவிடும். காலையில் நாம் போய்ச் சேர்ந்தால் பூ மரத்தில் இருக்காது, மணலில் வட்டமாக உதிர்ந்து கிடக்கும்.

ஆகவே ராத்திரியில் டார்ச்சோடு போனேன். பக்கத்தில் பார்த்தபோது போன தூக்கம் வீண்போகவில்லை என்று பட்டது. நாலு வெள்ளை இதழ். அவற்றின் நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான மகரந்தக் காம்புகள், அடியில் வெண்மை, நுனிக்குப் போகப் போக ரோஜா நிறம். அப்பாவின் சவரத் தூரிகையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பவுடர் பூசிவிட்ட மாதிரி. அதிலும் ஒரு காம்பு மட்டும் சிவப்பாகத் தனித்துத் தூக்கி நின்றது, அது சூலகத்தின் தண்டு. மற்றதெல்லாம் விடியற்காலை வளையமாகக் கழன்று விழும்போது அது மட்டும் கிளையிலேயே தங்கிவிடும்.

மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது முதுகில் வெளிச்சம் விழுந்தது. ரோந்து வந்தவர்.

"யாரது? இந்த நேரத்துல இங்க என்ன வேலை?" என்று முதலில் ஹிந்தியில். என் ஹிந்தியைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். இந்தத் தீவுகளில் ஆறேழு பேரில் ஒருவர் தமிழர் என்பது மக்கள்தொகைக் கணக்கு. அது இக்கட்டான நேரத்தில் வந்து கைகொடுக்கிறது.

"பூ பாக்கறேன் சார்."

"பூவா? ராத்திரியிலயா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் நம்பத்தகுந்த பதில் கிடையாது. அந்துப்பூச்சி, மகரந்தம் என்று விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. கடைசியில் டார்ச்சைக் கிளைப்பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "தினம் இந்தப் பக்கந்தான் வர்றேன். ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல" என்றார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு, "கேமரா நல்ல கேமராவா? என்னைய ஒண்ணு எடுங்க" என்று பூவுக்கு முன்னால் நின்றார். அன்றைக்கு எடுத்ததில் கூர்மையாக விழுந்தது அவர் மீசைதான். பூ பின்னால் மங்கலாக, வெள்ளையாக இருக்கிறது.

சதுப்புநிலப் பூக்களிலும் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவை உண்டு. அவற்றை நான் கௌரவமாக விட்டுவிட்டேன். வண்டூர் கடற்கரையில் முதலைக்காக வலை கட்டி, எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். உப்புநீர் முதலைக்குப் பூவில் ஆர்வம் இல்லை. பூவை எடுக்கிறவன் மேல் இருக்கலாம்.

எடுக்காத படங்களில் இன்னொரு வகை உண்டு. வடக்கே போகும் டிரங்க் ரோடு ஜாரவா மக்களின் காட்டுக்குள் நுழைந்து போகிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசைகட்டி அனுப்புவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கேமரா பைக்குள் இருக்கும், நான் ஜன்னலோரம் இருப்பேன். அந்தப் பாதையில்தான் கொடி கொடியாய், கொத்துக் கொத்தாய், நான் பெயர் கேட்டறியாத வெள்ளையும் மஞ்சளும் தொங்கும். அது அவர்கள் வீடு. அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தை ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுப்பதற்கு நமக்கு என்ன பாத்தியதை? சட்டம் சரிதான். கை மட்டும் பையின் ஜிப்பைத் தடவிக்கொண்டே வரும்.

சரி, காடு வேண்டாம், வீட்டுத் தோட்டத்தில் நிம்மதியாக எடுக்கலாம் என்றால் அங்கேயும் போட்டி. எங்கள் வேலியோரம் சிவப்புச் செம்பருத்தி உண்டு. எதிர்வீட்டு வங்காளி தாதா காளிக்குப் பூப் பறிக்க நாலரை மணிக்கே கூடையோடு வந்துவிடுவார். வேலிக்கு வெளியே நீண்ட கிளை அம்மனுக்கு, உள்ளே நிற்பது எனக்கு என்று ஓர் ஒப்பந்தம். ஆனால் செம்பருத்திக்கு எல்லைக்கோடு தெரியவில்லை, நல்ல பூவெல்லாம் அம்மன் பக்கமே பூத்தது. என் மனைவி வைத்த துலுக்கச் சாமந்தியை ஆப்பிரிக்க நத்தை முடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942இலிருந்து 45 வரை தீவுகளைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்தது என்று இங்கே சொல்வார்கள். ஜப்பானியர் போய்விட்டார்கள். நத்தை சரணடையவில்லை. மழை ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஊர்ந்து வந்து, காலையில் தண்டை மட்டும் கணக்குக் காட்ட விட்டுவைக்கும்.

நத்தையும் தாதாவும் தொடாத பூ ஒன்றே ஒன்று: சேனைக்கிழங்குப் பூ. கோடையில் செடி இருந்த இடமே தெரியாது. முதல் மழை விழுந்ததும், இலைக்கு முன்னால் மண்ணைப் பிளந்துகொண்டு பூ வந்துவிட்டது. கருஞ்சிவப்பில் சுருக்கம் விழுந்த ஒரு பாவாடை, அதன் நடுவில் மூளை வைத்த மாதிரி ஒரு குமிழ். பார்க்கும்போதே 'இது படம் எடுக்க வேண்டிய பூ' என்று புரிந்தது. ராத்திரி அது வாசனை விட ஆரம்பித்தது. செத்த எலி வாசனை. அழுகலைத் தேடி வரும் வண்டுக்கும் ஈக்கும் அழைப்பு அது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் அவர் வீட்டில் பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள், பரணில் ஆள் ஏறியிருந்தது. நான் குப்புறப் படுத்து, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எலி அங்கயா கெடக்கு? அதப் போய் போட்டோ எடுக்கறீங்களே அண்ணா" என்றார்.

இதையெல்லாம் விட நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறது புறா ஆர்க்கிட். மாமரக் கிளையில் தொற்றிக்கொண்டு, காய்ந்த குச்சி கணக்காகக் கிடக்கும். மொட்டெல்லாம் உள்ளே பாதி வளர்ந்து தூங்கும். ஒரு நாள் திடீரென்று கனமழை கொட்டிக் காற்று சில டிகிரி குளிர்ந்தால், அந்தக் குளிர்ச்சிதான் மணியடித்த மாதிரி. எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் எழுந்து வளர ஆரம்பிக்கும். ஏறக்குறைய ஒன்பதாம் நாள் காலையில், அந்த மழை நனைத்த வட்டாரம் முழுக்க, ஒருவர் வீட்டு மரம் விடாமல் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். தேனீ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு மகரந்தம் சுமக்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே நாளில் கடை திறந்தால்தானே ஆகும்? அன்று சாயங்காலமே வாடிவிடும். தவறவிட்டால் அடுத்த கனமழை.

மழை பெய்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, ஒன்பது எண்ணிப் பார்த்தேன். வேலை நாள். காரணம் 'வீட்டில் விசேஷம்' என்று போட்டு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அன்று பூத்தது, சொன்ன சொல் தவறாமல். விடிவதற்குள் ஏணியில் ஏறிவிட்டேன். ஒவ்வொரு பூவும் பறக்கப் போகிற புறாவாக இறக்கை விரித்து, அடிநாக்கில் மட்டும் மஞ்சள் தீற்றி, மணமும் வீசியது. மதியம் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டார்கள். விசேஷம் எங்கே என்று கேட்டவர்களை மாமரத்தடிக்கு அழைத்துப் போனேன். அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "ஆமாங்க, எங்க வீட்டுல இதெல்லாந்தான் விசேஷம்" என்று காபி போடப் போனாள்.

அவள் தலையில் வைத்திருந்தது மதுரை மல்லி. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காடாக இருக்கும் தீவுகளில், அபர்தீன் பஜாரில் நாங்கள் வாங்குகிற மல்லி சென்னையிலிருந்து விமானம் ஏறி, 1,300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வருகிறது. முழம் விலையைக் கேட்டால் அதற்கு ஜன்னலோர சீட் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும்.

படங்களை என்ன செய்கிறேன் என்று கேட்பார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். லிட்டில் அந்தமான் காட்டில் 2012இல் தாவரவியல் ஆய்வுத்துறையினர் கண்டுபிடித்த காட்டு வாழையைப் பற்றியும் ஒரு தடவை எழுதினேன். பூமடல் பச்சையாக இருக்கும், குலையின் தண்டு வழக்கத்தைவிட மூன்று மடங்கு நீளம், பழத்தின் சதை ஆரஞ்சு நிறம். "வடைக்கு ஆகுமா?" என்று அத்தை கேட்டார். மற்றவர்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மதுரை மாமா மட்டும் என் படங்களைச் சேர்த்து வைக்கிறார். போன மாதம் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. திறந்தால் என் பாரிங்டோனியா. கொசுக்கடியில் எடுத்த அதே படம். மேலே தங்க எழுத்தில் 'இனிய காலை வணக்கம்', கீழே உழைப்பைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு பொன்மொழி, ஓரத்தில் ஆவி பறக்கும் காபி டம்ளர்.

பொறுக்க முடியாமல் போன் போட்டேன். "மாமா, அது ராத்திரியில பூக்கற பூ. காலையில விழுந்துடும்."

"அப்படியா? பரவால்ல மாப்ள, ராத்திரி ஒன்பது மணிக்கு 'இரவு வணக்கம்' போட்டு இன்னொரு தரம் அனுப்பிடறேன். அந்த மீசக்காரர் யாரு, நல்லா இருக்காரு, அவரு படம் வேற இருக்கா?"

அனுப்பி வைத்தேன்.