இடமில்லை என்று சொன்னால் என்ன?

2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. வட்டில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரை, பழுதுபார்க்கவென்று விண்டோஸ் வட்டில் ஒதுக்கும் மீட்புப் பகுதி வழியாகத் தாண்டிவிடலாம் என்ற ஓட்டையை அடைக்க. நல்ல காரியம்தான். ஆனால் அது ஏறி உட்கார அந்த மீட்புப் பகுதியில் 250 மெகாபைட் காலியிடம் வேண்டும். பல வீட்டுக் கணினிகளில் மொத்தப் பகுதியே ஏறத்தாழ 500 மெகாபைட்தான். அந்த அளவை ஒதுக்கியதும் பெரும்பாலும் விண்டோஸேதான், வேறு யார்?

இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரையில் வந்ததோ 0எக்ஸ்80070643. பொருள்: நிறுவ முடியவில்லை. அதைத்தானே நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

மைக்ரோசாஃப்ட் சொன்ன பரிகாரம்: கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, முதன்மைப் பகுதியைச் சுருக்கி, மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்குங்கள். பேரன் போட்டோ பார்க்கக் கணினி வாங்கிய தாத்தாவுக்கும் இதேதான். மீட்புப் பகுதியே இல்லாத கணினிகளிலும் அப்டேட் நுழைந்து தோற்றது. அந்தக் கணினிக்காரர்களுக்குத் தனி ஆறுதல்: இது உங்களுக்குத் தேவையே இல்லை, பிழையைக் கண்டுகொள்ளாதீர்கள்.

சில மாதம் கழித்து, இதற்குத் தானியங்கித் தீர்வு வராது என்று அறிவித்துவிட்டார்கள். அப்டேட்டுக்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. வட்டிக்காரர்போல விடாமல் வந்து நின்றது.