அலுமாரிச் சாவியும் ஆசிரிய பயிலுநரும்

அட்டாளைச்சேனையிலுள்ளது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஈராண்டு கற்கும் ஆசிரிய பயிலுநர், மூன்றாம் ஆண்டைக் கட்டுறுப் பயிற்சியில், அதாவது பாடசாலையொன்றில் மேற்பார்வையின் கீழ் கற்பிப்பதில் கழிப்பர். கல்முனைக் கரையோரத்துக்கு அவ்வாறு வந்துசேரும் ஒருவர், ஊரார் ‘மல்டிமீடியா’ என்றழைக்கும் எறியியை இயக்கப் பழகுமுன், அது பூட்டப்பட்டுள்ள அலுமாரியின் சாவி எவரிடம் உள்ளது என்பதை ஆராய்ந்தறிய வேண்டியவராகிறார். சாவி கிடைத்தால் வயர் எட்டாது. வயர் எட்டினால் யன்னலுக்குத் திரைச்சீலை இராது. கடற்கரை வெயிலில் படவில்லைகள் வெளிறிப்போக, மாணவர் வெறுஞ்சுவரைக் கூர்ந்து அவதானிப்பர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோதும் சளைக்காமல் இயங்கிய சாதனம் வெண்கட்டியே எனினும், பாடக்குறிப்பில் ‘தொழில்நுட்பம்’ என்ற தலைப்பின் கீழ் அதனை எழுதத் துணிந்த பயிலுநர் எவருமிலர்.