சுக்கானை அவன் பிடிக்கட்டும்

என்ன மாப்ளே, கூட்டாளிகளோட நேரோபோட்ங்கற ஒடுக்கமான கால்வாய்ப் படக எடுத்து டார்டெபிக்ல இறங்கப் போறியாமே! நல்லாப் போய்ட்டு வா. மாமன் சொல்றதையும் காதுல வாங்கிக்க.

அது இங்கிலாந்துல வூஸ்டர்–பர்மிங்ஹாம் கால்வாய்ல இருக்கு. ரெண்டேகால் மைலுக்குள்ள 30 லாக், அதாவது தண்ணிய ஏத்தி இறக்கிப் படக மேலயும் கீழயும் கொண்டுபோற கதவுத் தொட்டி. மொத்தம் 220 அடி இறக்கம். பிரிட்டன்லயே இதவிட நீளமான லாக் வரிசை கிடையாது. மணிக்கு 4 மைல் தாண்டக் கூடாதுன்னு சட்டம். கவலப்படாத, அங்க சட்டத்த மீற உனக்கு வாய்ப்பே வராது.

ஏறினதும் சுக்கானுக்கு அடிதடி நடக்கும். அடம்பிடிக்கறவனுக்கே விட்டுக்கொடுத்துடு, பெரிய மனசுன்னு பேர் வரும். சுக்கான இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் திரும்பும். அது பழகறதுக்குள்ள அவன் கரையில நாலு இடி இடிச்சிருப்பான். மழை வந்தா நனையறதும் அவன்தான்.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். முதல் லாக் 14 அடி ஆழம். மேல்கதவுக்கு அடியில கல்திட்டு ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கும். தண்ணி இறங்கும்போது படகோட பின்பக்கம் அதுமேல உக்காந்துட்டா மூக்கு மட்டும் கீழ போய்ப் படகே முழுகிடும். வெள்ளக் கோட்டுக்கு முன்னால நிக்குதான்னு பாத்துக்கிட்டே இரு. மாட்டினா அந்த நிமிஷமே தண்ணிய வெளிய விடற ஷட்டர இறக்கு.

மத்தபடி உன் கையில விண்ட்லாஸ் இருந்தாப் போதும், அந்த ஷட்டர ஏத்தி இறக்கற வளஞ்ச இரும்பு. 'அடுத்த லாக்கத் தயார் பண்றேன்'னு முன்னால நடந்துடு. கீழருந்து படகு ஏறி வந்தா சிரிச்சுப் பேசு. அவங்க ஏறி வந்த லாக் நெறஞ்சு, மேல்கதவு தொறந்தே கெடக்கும். உனக்குப் பாதி வேல மிச்சம். வரலேன்னா நீயே நெரப்பணும். தண்ணி ரெண்டு பக்கமும் சமமாகாம ஊரே கூடித் தள்ளினாலும் கதவு அசையாது. தெரியாதவன் கதவோட உத்திரத்துல முதுகக் குடுத்து முக்கிக்கிட்டிருப்பான். நீ தள்ளி நின்னு தண்ணியவே உத்துப் பாரு, ரொம்பப் பொறுப்பாத் தெரியும். சமமானதும் போய் லேசாச் சாஞ்சுக்க. வேடிக்க பாக்க வந்தவங்க உன்னைத்தான் பலசாலிம்பாங்க.

ரோல்ட்டுன்னு ஒரு எழுத்தாளர் போர்க்காலத்துல டார்டெபிக்லதான் படகுல குடியிருந்தாரு. ஆய்க்மன்னு இன்னொருத்தர் அவரத் தேடி வந்து பேசினதுல 1946ல கால்வாய்களக் காப்பாத்த ஒரு சங்கம் உண்டாச்சு. 1951ல ரோல்ட்டையே அதுலருந்து நீக்கிட்டாங்க! சேந்து சங்கம் வெச்சவங்களுக்கே அந்தக் கதின்னா, காலையில 'மச்சான்'னு கட்டிப்பிடிச்சவன் பதினஞ்சாவது லாக்குல 'எவன்டா கதவ மூடாம வந்தது'ன்னு கத்தாமலா இருப்பான்? கத்தினா சுக்கான் பிடிச்சவனக் கையக் காட்டு. அவன் பாவம், இஞ்சின் சத்தத்துல அவனுக்குக் காதே கேக்காது.

அடிவாரத்துல பப் இருக்கு. நடந்து வந்த நீதான் முதல்ல போய்ச் சேருவ, நல்ல எடமாப் பாத்து உக்காந்துக்க. பில் வரும்போது மட்டும், 'ஐயோ, விண்ட்லாஸ மேல லாக்குலயே வெச்சுட்டேன்'னு எழுந்து ஓடிடு.