கோர்னிஸ் ஒட்டுதல்: வட சிலாங்கூர் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சுவரும் சிலிங்கும் சேரும் இடத்தில் ஒட்டுகிற வளைந்த பட்டைக்குக் கோர்னிஸ் என்று பெயர். கோல சிலாங்கூரின் மின்மினிப் பூச்சிகளை ஆராய அறிஞர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள். ஆனால், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தாமான்களில் வாயில் பென்சிலோடு ஏணிமேல் நின்று மூலையை முறைத்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவர்களை ஆராயத்தான் ஆளில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

கருதுகோள் இதுதான்: கோர்னிஸ் அழகுப் பொருள் அன்று. வீட்டைக் கட்டியவர் செய்த கோணலை, வீட்டை வாங்கியவர் தம் செலவில் மறைப்பதற்கான கருவி.

2. வரலாறு

இக்கலையில் கிரேக்கர் முந்தினர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்து ரதங்களில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய கபோதத்தில், அதாவது கொடுங்கை என்னும் வளைந்த கூரை விளிம்பில், ஓர் இணைப்புகூட இல்லை. எல்லாம் ஒரே கல். இணைப்பு இல்லாததால் இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாததால் அவர்கள் சிலிக்கன் வாங்கக் கடைக்குப் போகவில்லை. ஆவுடையார்கோயில் கொடுங்கையோ மரச்சட்டத்தையும் ஆணியையும் கல்லிலேயே காட்டிய வேலை. பிற்காலச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்கள் என்பது செவிவழிச் செய்தி. இன்றைய கொந்தராக்டர் "சாமான் தனி, கூலி தனி" என்று சொல்வது இம்மரபின் தேய்ந்த வடிவம்.

நம் வட்டார வரலாறு தோட்டத்து லயத்தில் தொடங்குகிறது. பழைய லயங்கள் பலவற்றில் மேலே தகரம், சிலிங் கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. மூன்றாம் வீட்டில் கருவாடு பொரித்தால் ஐந்தாம் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஆளே நுழையலாம் என்றிருந்த இடத்தில் கீறலை மறைக்க யார் நினைப்பார்? தோட்டம் கைமாறி, லயம் உடைபட்டு, வங்கிக் கடனில் தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகே நமக்குச் சிலிங் கிடைத்தது. சிலிங் வந்ததால் மூலை வந்தது. மூலை வந்ததால் மானப் பிரச்சினையும் வந்தது.

3. மூலைக் கோட்பாடு

பெயரை நம்பிப் பொருளைத் தேடக்கூடாது என்பது இவ்வட்டாரத்தின் பழைய பாடம். நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917இல் நடப்பட்டது தென்னமரம் என்ற தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1930இல் நாவலுக்காகக் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. தென்னமரத்தில் செம்பனை விளைந்த மண்ணில், வரைபடத்தில் 90 பாகை என்றிருக்கும் மூலை 92 ஆக விளைவதில் வியப்பென்ன?

பழி மண்மேலும் உண்டு. ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரை கடலோரம் மென்களிமண். உள்ளே போனால் கரிச்சதுப்பு. பைலிங் போட்ட முன்வீடு நிற்கும். பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை மட்டும் மெல்ல இறங்கும். போதாததற்கு, பூச்சு வேலைக்காரரின் கரண்டி மூலையில் சிமெண்டைத் தடிப்பாக விட்டுச் செல்லும்.

92 பாகை மூலைக்கு இரு பட்டைகளையும் 46 பாகையில் வெட்ட வேண்டும். மைட்டர் பாக்ஸ் என்னும் கோண வெட்டுப் பெட்டியை நம்பி 45இல் வெட்டினால், நான்கு அங்குல இணைப்பின் ஒரு நுனி ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் வாய் பிளக்கும். கரப்பான் குஞ்சு குடியேற அது போதும்.

இங்கே ஒரு மரபியல் புதிர். நம் தாத்தா இருட்டோடு எழுந்து, ஒட்டுக்கட்டிய பால்மரத்தில் 30 பாகைச் சரிவில் கோடு வெட்டினார். உயிர்ப்பட்டையில் கத்தி படாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டினார். கையில் பாகைமானி இல்லை. பேரனுக்கோ பள்ளம் வெட்டிய பெட்டியே கொடுத்திருக்கிறார்கள்; அதிலும் தப்புகிறது.

4. முறையியல்

பட்டையைப் பெட்டிக்குள் தலைகீழாக வைக்க வேண்டும். பெட்டியின் அடிப்பலகை சிலிங், பக்கப்பலகை சுவர். இந்நிலையில் இடம் வலமாகும், மேல் கீழாகும், ஏணி பிடிக்கும் மச்சான் எதிரியாவார். களத்தில் பதிவான உரையாடல்:

"மச்சான், தலைகீழா வச்சிருக்கீங்க."

"தலைகீழாத்தான்டா வைக்கணும்."

"அப்ப வெட்டினது ஏன் தலைகீழா வருது?"

மின்வாளில் பட்டையைப் படுக்கவைத்து வெட்டுவோருக்குத் துன்பம் இரட்டிப்பு. 38 பாகைச் சாய்வுப் பட்டையை நேர்மூலைக்கு வெட்ட மேசையை 31.6 பாகைக்குத் திருப்பி, வாளை 33.9 பாகைக்குச் சாய்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் பள்ளியில் கேட்டிருந்தால் முக்கோணவியலுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இடைவெளி குறித்து மூன்று மரபுகள் உள. சரிபாதிக் கோணத்தில் வெட்டிச் சேர்ப்போர் ஒரு சாரார். ஒரு பட்டையைச் சுவர்வரை நேராக ஓட்டி, மறுபட்டையின் நுனியை அதன் வளைவுக்கேற்பச் செதுக்கிப் பொருத்துவோர் இன்னொரு சாரார். மூலை கோணினும் இது மூடும். எப்படியும் வெட்டுக, சிலிக்கன் அடைத்திடுக என்பார் மூன்றாம் சாரார். அது பொருந்தாது என்க. என்னெனின், சிலிக்கன்மேல் பெயின்ட் பிடிக்காது. வெள்ளைச் சுவரில் அந்தக் கோடு மட்டும் ஆண்டுதோறும் பளபளக்கும்.

செருப்பு ஒட்டும் மஞ்சள் பசையைப் பாலிஸ்டைரீன் பட்டையில் தடவும் துணிச்சல்காரரும் உளர். அப்பசையின் கரைப்பான் பட்டையையே தின்றுவிடும். தடவிய இடம் குழிந்து உள்வாங்குவதை நின்று பார்க்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. அதே பட்டை எளிதில் தீப்பிடிப்பது என்பதால், சாமி மேடைக்கு நேர்மேலே அதை ஒட்டுதல் விலக்கப்பட்டது.

5. மதிப்பீட்டாளர்

வேலை முடிந்ததும் வீட்டம்மா வாசலில் நின்று ஒரே பார்வையில் மதிப்பெண் போடுவார். "என்னாங்க, அந்த மூலையில ஓட்டை தெரியுது." "அது நெழலு." நிழல் என்னும் இவ்விடை பகலில் செல்லும், இரவில் விளக்குப் போட்டபின் செல்லாது. தீபாவளிக்கு வரும் விருந்தாளிகள் முறுக்கைப் பார்ப்பார்கள், டிவியைப் பார்ப்பார்கள், கோர்னிஸைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் சொந்த வீட்டில் கோர்னிஸ் ஒட்டிய ஒருவர் மட்டுமே. அவர் நேரே அந்த மூலைக்குத்தான் போவார்.

6. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. வீடு நேராக இருந்தால் கோர்னிஸ் தேவையில்லை. கோணலாக இருந்தால் கோர்னிஸ் உட்காராது. ஆகவே ஒட்டத் துணிந்தோர்க்கு மூன்று விதிகள். ஒவ்வொரு மூலையையும் தனித்தனியே அளந்து, அதைப் பாதியாக்கி வெட்டுங்கள். வெட்ட வராதவர்கள் கடையில் கிடைக்கும் ஆயத்த மூலைக்கட்டையை வாங்குங்கள். பட்டையை நேராக அறுத்தால் போதும், கோணமே வேண்டாம். மிஞ்சும் இடைவெளியில் சிலிக்கனைத் தவிர்த்து, பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக்கை அடையுங்கள். இம்மூன்றையும் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். மூன்று வாரம் போதாது.