சைக்கிள் தேர்வில் துறையின் பங்கு

பெறுநர்: சென்னைச் சாலைகளுக்குப் பொறுப்பான அதிகாரி (எந்தத் துறை என்பது முடிவானதும் உரியவரிடம் சேர்க்கவும்)

பொருள்: வேலைக்குப் போய்வரச் சைக்கிள் தேர்ந்தெடுத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலைக்குப் போய்வரும் சைக்கிளை, வாங்குபவர்தான் தேர்ந்தெடுக்கிறார் என்றொரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அந்தத் தேர்வைத் தங்கள் துறை எப்போதோ முடித்துவிட்டது. கடையில் மிச்சமிருப்பது பணம் கட்டும் வேலை மட்டுமே.

டயர்: பந்தய சைக்கிளின் டயர் சுமார் 25 மி.மீ. அகலம், வழவழப்பான தார்ச்சாலையில் அலுங்காமல் ஓடும். வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே பதிந்திருக்கும் இடத்தில் அது அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஆகவே 35 முதல் 45 மி.மீ. வரையிலான டயரே உகந்தது. இந்த அளவை நிர்ணயித்த பெருமை டயர் கம்பெனியைச் சேராது.

சீட்: குதிகாலைப் பெடலில் வைத்து மிதித்தால், பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்காலுக்கு நல்ல உயரம் அதுவே. ஆனால் பஸ், ஆட்டோ, பள்ளம் என்று பத்தடிக்கு ஒருமுறை கால் ஊன்ற வேண்டியவர் சீட்டை ஓர் அங்குலம் இறக்கிக்கொள்கிறார். முழங்கால் வலி இலவச இணைப்பு.

கியர்: சென்னை சமதளம், கியர் இல்லாத சைக்கிளே போதும் என்பது பழைய கணக்கு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டதில் வீடுகள் பள்ளத்துக்குப் போயின, தெருக்கள் மேடாயின. மலையில்லாத ஊருக்கு ஏற்றம் தந்த துறையை மதித்து, 7 கியர் உள்ளதை வாங்கலாம்.

சஸ்பென்ஷன்: முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்தால் எடை கூடும்; மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கை அதுவே விழுங்கும். நல்ல சாலையில் அது வீண்சுமை. குழாய்க்காகத் தோண்டியவரும் மூட வேண்டியவரும் வெவ்வேறு துறையாக உள்ள தெருவில் அது அத்தியாவசியம்.

பிரேக்: ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவே குளமாகும் ஊருக்கு டிஸ்க் பிரேக் மேல். மட்கார்டும் செயின் கவரும் இல்லாத சைக்கிளில் போகிறவர், அலுவலகத்துக்கு இன்னொரு பேண்ட் எடுத்துப் போக வேண்டும்.

பூட்டு: ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத பொருள் ஒன்றோடு பூட்டுவதே பாதுகாப்பு. சைக்கிள் பாதையில் அப்படிப்பட்ட பொருளுக்குப் பஞ்சமில்லை. கார்கள் வரிசையாக நிற்கின்றன.

இறுதியாக ஒன்று. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கை அச்சான தாளில் மேடு பள்ளம் ஏதுமில்லை. 25 மி.மீ. டயரை நம்பி ஓட்டத் தகுந்த பரப்பு அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
சைக்கிள் வாங்கவிருக்கும் பொதுஜனம்