சீலைக் கணக்கு

வா மருமகன், குந்து. குருமண்வெளியால பாதைப் படகு வர இன்னும் நேரம் கிடக்கு. அந்தக் கொப்பியத் தா, பாப்பம். நோட்டீசு, மைக் செட், பெற்றோல், தேத்தண்ணி... கொடி கட்டின பொடியனுக்குக் குடுத்த நூற்றம்பதையும் எழுதி வைச்சிருக்காய். நல்ல பிள்ள. அதாலதான் தேர்தலில தோத்துப்போனாய்.

முடிவு வந்து 21 நாளைக்குள்ள செலவுக் கணக்குக் காட்ட வேணும் என்டு 2023இல சட்டம் போட்டானுகள். வெள்ளக்காரன் போகக்குள்ள அப்பிடி ஒண்ட எழுதி வைச்சிட்டுத்தான் போனவன். 1981இல விகிதாசாரத்துக்குச் சட்டம் எழுதக்குள்ள அது எங்கயோ நழுவி விழுந்திட்டு. தேடி எடுக்க நாப்பது வருஷத்துக்கு மேல போயிட்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்காளர் ஒருத்தருக்கு 109 ரூபா வரைக்கும் செலவழிக்கலாம் என்டானுகள். என்ட 109 ரூபாவ ஆரு தின்டதோ. எனக்கு ஒரு தொப்பிதான் கிடைச்சுது.

இஞ்ச பார், தடை செய்த தங்கூசி வலையப் பிடிக்க வாற அதிகாரி ஆர்ர தோணியில ஏறுவான்? கரையில கவிழ்ந்து கிடக்கிற தோணியில. ஓடுற தோணியில ஏற அவனுக்கும் நீந்தத் தெரியா.

சில் சீலைக் கதை தெரியும்தானே? 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்தி, தொலைத்தொடர்பு ஆணைக்குழுட 60 கோடி ரூபாவில சில் எடுக்கிற பௌத்த சனத்துக்கு வெள்ளத்துணி பங்கிட்டாங்க. மகிந்த தோத்தார். 2017 செப்டம்பரில அவர்ர செயலாளரா இருந்த லலித் வீரதுங்கவுக்கும் ஆணைக்குழுப் பணிப்பாளரா இருந்த அனுஷ பெல்பிட்டவுக்கும் கொழும்பு மேல் நீதிமன்றம் மூண்டு வருஷக் கடூழியம் குடுத்துது. மறுகா 2019இல மகிந்தட தம்பி கோட்டாபய வந்தார். 2020 நவம்பரில மேன்முறையீட்டில ரெண்டு பேரும் விடுதலை. நீதிபதிமாரில பிழ சொல்ல ஒண்ணா, அவங்க முன்னால வைச்ச கடதாசியத்தான் வாசிப்பாங்க. நான் பாத்தது கலண்டர மட்டும். அதே 2020இல அரசியல் பழிவாங்கல விசாரிக்க என்டு ஒரு ஆணைக்குழு. விசாரிச்சவனுகள விசாரிக்கிறது!

மகிந்தக்குப் பிறகு வந்து துணியப் பிடிச்ச நல்லாட்சிக்காரரும் லேசில்ல. அதில மந்திரியா இருந்த ஒருத்தர், மத்திய வங்கிப் பிணைமுறிக்காரற்ற கம்பனியால 10 இலட்சத்துக் காசோலை வந்தது, தேர்தலுக்குத்தான் என்டு தன்ட வாயாலயே சொன்னார். அந்த விசாரணை நம்மட மட்டக்களப்பு வாவி மீன் பாடுற மாதிரி. சத்தம் கேட்டுது, மீன ஆரும் பிடிக்கல்ல.

ஆனபடியா மனே, கொப்பியில மினக்கெடாத. வென்டவன்ட வீட்டுக் கலியாணத்துக்கு நேரத்தோட போ, முன்வரிசையில குந்து, மொய்ய உரத்துச் சொல்லிக் குடு. அதுக்குத்தான் நல்ல பற்றுச்சீட்டு வரும்.

சரி, பாதை வந்திட்டு, ஏறு. கச்சேரி பூட்ட முந்திப் போய்ச் சேர வேணும்.

பொறு, பொறு. இதென்ன? 'தேத்தண்ணி, பெரிய மாமாவுக்கு, 1,800 ரூபா.' அடேய், நான் எப்படா உன்ட தேத்தண்ணி குடிச்ச?